ஐந்தாம் கட்டிலின் அளவுத்தாள்

"குனிங்க! எல்லாரும் கட்டிலுக்குக் கீழ!"

கத்துகிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பட், பட், பட். ஓடு நொறுங்குகிறது. பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம். ஐயோ, தண்ணீர்த் தாங்கி! புதன்கிழமை. பிற்பகல் மூன்று பத்து.

1971 ஏப்ரல். தெற்கில் இளைஞர் கிளர்ச்சி, நாடெங்கும் ஊரடங்கு. வாவிக்கரையில் எட்டுக் கட்டில் உள்ள சின்ன ஆஸ்பத்திரி. நான் தாதி. திங்கட்கிழமை மட்டக்களப்புக்குப் போன டொக்டர் திரும்பி வர வழியில்லை. பாலத்தடியில் காவல் நின்றவர்கள் எதைக் கண்டு வெருண்டார்களோ, யார் யாரைச் சுட்டார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் தெரியும்.

ஐந்தாம் கட்டிலில் கந்தையா. வேளாண்மைக்காரர். வட்டை வயலில் வரம்பு கட்டும்போது கண்ணாடி விரியன் கடித்தது. ஊசி போட்டோம். உயிர் தங்கியது. சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. முகம் ஊதியது. கால் ஊதியது. கொழும்புக்கு அனுப்பக் கடிதம் எழுதியாயிற்று. அதற்குள் றோட்டை மூடிவிட்டார்கள்.

டொக்டர் போகும்போது சொன்னார்: "ஒரு நாளைக்குப் பதினாறு அவுன்சு. அதுக்கு மேல ஒரு சொட்டும் வேணா, மிஸ்ஸி. வாழைப்பழம், இளநீர் வாசலுக்கும் வரப்படாது. தானா நீர் போகத் தொடங்கினா ஆள் தப்பிருவார்."

நீர் போகவில்லை என்றால் எங்கள் ஆட்களின் கை முதலில் இளநீருக்குத்தான் போகும். குளிர்ச்சி என்பார்கள். சிறுநீரகம் நின்றவருக்கு அதிலுள்ள உப்பு இரத்தத்தில் தேங்கி நெஞ்சை நிறுத்தும். அவர் மனைவி பொன்னம்மா முதல் நாளே ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தாள். "ஆளைக் கொல்லப் போறீங்களா?" என்று பாய்ந்தேன். பாவம், அழுதுவிட்டாள்.

உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து பென்சிலால் அளவுத்தாளில் எழுதுவேன். வறண்ட உதட்டுக்கு ஈரப்பஞ்சு. ஐந்து நாளாக மூத்திரப் போத்தலில் ஒரு அவுன்சு, ஒன்றரை அவுன்சு. "இவ்வளவுதானா உங்கட விளைச்சல்?" என்று பகிடி பண்ணுவேன். "வாய்க்கால் அடைபட்டுப் போச்சு மிஸ்ஸி" என்று சிரிப்பார்.

அந்தப் புதன்கிழமை மூன்று இருபது. வெடி ஓய்கிறது. ஏறாவூர் இஸ்மாயில் காக்கா, எங்கள் வாட்டுச் சிற்றூழியர், வாளியை எடுக்கிறார். கிணறு றோட்டோரம்.

"போகாதீங்க காக்கா!"

"இந்தா வாறன் மிஸ்ஸி."

ஒரே ஒரு வெடி. வாளி உருளும் சத்தம். அவர் எழும்பவில்லை. நான் யன்னலால் பார்த்தேன். போகவில்லை. பயம். வேறு சாக்கு எனக்கு இல்லை.

அதன் பிறகு கிணற்றடிக்கு யாரும் போகவில்லை. வெயில் கொதிக்கிறது. காய்ச்சல்காரர்கள் தண்ணி, தண்ணி என்று முனகுகிறார்கள். விறாந்தையில் மற்றக் கட்டில்காரர்களுக்கென்று காலையில் இஸ்மாயில் காக்கா பறித்துவைத்த இளநீர்க் குலைகள். ஊர்ந்துபோய் இழுத்து வந்தேன். வெட்டினேன். கட்டில் கட்டிலாகத் தவழ்ந்து கொடுத்தேன். மறுபடி வெடிக்கிறது. பட், பட். ஐந்தாம் கட்டில். அளவுக் குவளையில் ஊற்றினேன். நான்கு அவுன்சு. ஒரு சொட்டும் கூடாமல்.

"மிஸ்ஸி, இளநீர் குடுக்கப்படாதெண்டு நீங்கதானே..." பொன்னம்மா என் கையைப் பிடித்தாள்.

"வாயப் பொத்திக்கொண்டு குனிங்க!"

குனிந்தாள். அவர் குடித்தார். எவ்வளவு ஆசையாகக் குடித்தார்! நான் எழுதினேன்: நான்கு அவுன்சு. வியாழக்கிழமையும் வெடி. அன்றும் நான்கு நான்காய், பதினாறு. அளவு தப்பவில்லை என்று எனக்குள் பெருமை வேறு. என் புத்தியில் நெருப்பு வைக்க! குவளையில் இருந்தது என்ன என்று நான் பார்க்கவே இல்லை. வெடிச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. ஒரு சத்தமும் இல்லை. "கால் கனக்குது மிஸ்ஸி. தூக்க ஏலாம இருக்கு." நாடியைப் பிடிக்கிறேன். நாற்பது. முப்பத்தாறு. ஒன்று அடிக்கிறது, அடுத்தது வரவில்லை. அப்போதுதான் கட்டிலடியில் குவிந்த வெற்று இளநீர்க் கோம்பைகளைக் கண்டேன். அலுமாரியில் இருந்த ஒரே கல்சிய ஊசியை ஏற்றினேன். நெஞ்சை அழுத்தினேன். எட்டு இருபது. அவ்வளவுதான்.

பொன்னம்மா என்னைப் பார்த்தாள். பிறகு விசாரிக்க வந்தவர்களிடம் பாம்புக்கடி என்றே சொன்னாள். அவள் சொல்லாததால் நான் சொல்கிறேன். நீங்கள் மறக்கக்கூடாது. வெடி பட்டவரை மட்டும் எண்ணாதீர்கள்.

இழந்தவை. தண்ணீர்த் தாங்கி ஒன்று. யன்னல் கண்ணாடி நான்கு. வாளி ஒன்று. ஆட்கள் இரண்டு பேர். இஸ்மாயில் காக்கா, குண்டால். கந்தையா, என் கையால்.

அளவுத்தாளை முடித்து எழுத, வியாழன் இரவு முழுக்க நான் அளக்காமல் விட்ட மூத்திரப் போத்தலைக் கட்டிலின் கீழிருந்து எடுத்தேன். கனத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வாய்க்கால் திறந்திருந்தது.

பதினொரு அவுன்சு.