கன்னத்தைத் தொட விடாதே

– அசையாதீங்கன்னா அசையாதீங்க! கண்ணுக்குக் கீழ போட்டுக்கிட்டிருக்கேன்ல?

– கூசுதுடி. இன்னும் எத்தனை டப்பாவைத் திறக்கப் போற?

– கல்யாணப் பொண்ணுங்ககூட என்கிட்ட இவ்வளவு சிணுங்குறதில்ல.

– அவங்களுக்கு மாப்பிள்ளை வர்றாரு. எனக்கு வர்றது எங்கம்மா! இதெல்லாம் எதுக்கு?

– அவங்க வர்றதுக்குத்தான் இதெல்லாம். ராத்திரி ஷிப்ட் பாத்துப் பாத்து மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கிடக்கு. போன தடவை இந்தக் கருவளையத்தைப் பாத்துட்டு, "என் புள்ளைய இளைக்க விட்டுட்டியே"ன்னு சமையக்கட்டுக்குள்ள போனவங்கதான். ரெண்டு நாளைக்குன்னு வந்துட்டு மழைக்காலம் முழுக்க இருந்தாங்க. என் அடுப்புகிட்ட நானே அனுமதி கேட்டுப் போனேன்.

– பெத்தவளுக்குப் பாசம் இருக்காதா?

– தாராளமா இருக்கட்டும். உங்களைப் பளிச்சுன்னு பாத்துட்டு, நிம்மதியா அவங்க வீட்டுக்குப் போகட்டும். இன்னொரு மழைக்காலம் என்னால முடியாதுங்க. அழுதுடுவேன்.

– சரி சரி, பூசித் தொலை. கண்ணோரம் அரிக்குது...

– ஐயையோ, தேய்க்காதீங்க! தேய்ச்சா திட்டுத் திட்டா நிக்கும். இப்படி விரல் நுனியால மெத்து மெத்துன்னு தட்டணும்.

– இது என்ன ரோஸ் கலர்? என்னைக் கோமாளி ஆக்கிடாத தாயே.

– கன்னத்துல கொஞ்சம் மேல ஏத்தி, துளியூண்டு. நல்லா தூங்கி எழுந்தவன் மாதிரி ரத்த ஓட்டம் தெரியணும்.

– மினுமினுன்னு இன்னொண்ணு எடுக்குறியே, அது மூக்குக்கா?

– கன்னத்து எலும்புக்கு. மூக்குல வச்சா எண்ணெய் வழியுற மாதிரி இருக்கும்.

– மேல கொஞ்சம் பவுடராவது போடேன். பிசுபிசுங்குது.

– பவுடர் போட்டா இந்த ஈரப் பளபளப்பே செத்துடும். இப்ப கண்ணாடியப் பாருங்க.

– அடேயப்பா! யாருடி இவன்? நாளைக்கு வேலைக்குப் போறப்பவும் போட்டு விடுறியா?

– ஆசையப் பாரு! கார் வந்து நிக்குது, போங்க. கட்டிப் பிடிச்சா பிடிக்கட்டும், கன்னத்த மட்டும் தொட விடாதீங்க.

– அம்மா! வாம்மா, வா வா.

– என் ராசா! எங்க, மூஞ்சியக் காட்டு. அட, தளதளன்னு இருக்கியேடா!

– நீ மட்டும் என்னவாம்? பத்து வயசு குறைஞ்சு போச்சு உனக்கு.

– எனக்கென்னடா குறை? வேளைக்குச் சாப்பாடு, படுத்தா தூக்கம். போ, வண்டியில பை இருக்கு, எடுத்துட்டு வா.

– வாங்க அத்தை. உக்காருங்க. அத்தை... ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?

– கேளேன்.

– நீங்க கட்டிப் பிடிச்சுச் சாஞ்ச இடத்துல அவர் வெள்ளைச் சட்டையில கலர் ஒட்டியிருக்கு. அது நான் அவருக்குப் போட்ட கலர் இல்ல.

– உஷ்! மெல்லப் பேசு. அது சரி, அவனுக்குப் போட்டதா? அவனுக்குமா போட்டிருக்க?

– ஐயோ! வாய் இருக்கே என் வாய்...

– அடிப்பாவி! அதானே பாத்தேன், அவங்கப்பா வம்சத்துலயே அந்தப் பளபளப்பு கிடையாதே.

– என்னை விடுங்க, நீங்க ஏன் அத்தை போட்டீங்க?

– முட்டி வலியில தூங்கியே நாளாச்சு. முகம் செத்துக் கிடந்துது. பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட கெஞ்சிப் போட்டுக்கிட்டேன். அப்படியே வந்து நின்னா உன் வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்? "தனியா இருக்காதம்மா, இங்கயே இருந்துடு"ம்பான்.

– நீங்களே ஆசைப்பட்டு இங்க இருந்தீங்கன்னுதானே நினைச்சேன்...

– யாரு சொன்னா? போன தடவை அவன் மூஞ்சியப் பாத்து, விட்டுட்டுப் போக மனசு வரல. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு என் கட்டில், என் அடுப்பு, என் ஜன்னல் வேணும்மா. இங்க மூச்சு முட்டுது. கோவிச்சுக்காத.

– கோவமா! அத்தை, உங்களை அப்படியே கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு.

– பிடிக்காத, ஒட்டிக்கும்! அவன் வர்றான் பாரு. என் கண்ணுக்குக் கீழ கலைஞ்சிருக்கா? சீக்கிரம் கொஞ்சம் தொட்டு விடு, நாளைக்குக் காலையில நான் கிளம்பியாகணும்.