யப்பான் வான் சொன்னது

யப்பான்காரன் பழைய வாகனத்தையும் கழுவித் துடைத்துத்தான் கப்பலேற்றுவான், பிள்ளை. சாம்பல் தட்டில் ஒரு நெருப்புக்குச்சிகூடக் கிடக்கவில்லை. மொழிபெயர்க்க வந்த நீங்கள் இந்தப் பொலிஸ் ஒபிசருக்கு அதை முதலில் சொல்லவேணும். நல்ல சாமானைத்தான் நான் எடுப்பித்தனான். பொறுங்கோ, நான் முழுக்கச் சொல்லி முடிக்கிறன், பிறகு சொல்லலாம்.

லண்டன் நோர்பரியில் எங்கட செபக்குழுவுக்கு ஒரு வான் தேவைப்பட்டது, வருசா வருசம் நோபோக்கில் இருக்கிற வல்சிங்கம் மாதா கோயிலுக்குப் போய்வர. குழு சேர்த்த காசுக்கு இங்கே ஒரு கிழட்டுக் காரும் வராது. யப்பானில் இருந்து எடுப்பித்தால் அதற்குள் முடிக்கலாம் என்று கோயில் வாசலில் நான்தான் சொன்னன். குழுவுக்குப் பொறுப்பு என்ர மனுசி இசபெலின் தம்பி அருள்நேசன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"செபமாலைமுத்து அத்தான் எடுப்பிச்சால் மூண்டு சில்லுத்தான் வரும்."

சனம் சிரித்தது. சுவாமியாரும் சிரித்தார்.

நாலு சில்லோடுதான் வந்தது. முன்பு ஏதோ சுடுதண்ணீர்க் குளியல் விடுதிக்கு ஆளேற்றின வான். அங்கே ஆள் பிடித்துப் பார்ப்பிக்கக் காசு காணாது, படத்தைப் பார்த்து ஏலத்தில் எடுத்தனான். இங்கே வாகனம் ஓடத் தகுதியோ என்று பார்க்கிற எம்.ஓ.ரி சோதனையும் பாஸ். திறப்பைத் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு பொம்பிளைக் குரல் யப்பான் பாசையில் பேசும். நான் இளமையில் யொக்கோகாமாவில் இரண்டு வருசம் சமையல்காரனாய் இருந்தவன் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தன். உண்மையில் நான் வேலை செய்த கப்பல் அங்கே ஒரு பின்னேரம் நின்றது. எனக்குப் பல்லுவலி, இறங்கவில்லை. என்னவாம் என்று சனம் கேட்டது. வீட்டில் எல்லாரும் சுகமோ என்று கேட்கிறா என்றன். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவ அக்கா. அக்காவுக்குச் சுகம் சொல்லிவிட்டுத்தான் இருக்கையில் இருப்பார்கள்.

பயணத்துக்கு முதல் கிழமை அக்கா வேறொன்று சொல்லத் தொடங்கினா. பிறேக்கை அமத்தினால் மட்டும் சொன்னா. அதே குரல்தான், கோபமில்லை. நான் தனியத்தான் இருந்தனான். போனைப் பக்கத்தில் பிடித்து, தமிழில் காட்டச் சொன்னன். பிறேக்கில் அழுத்தம் குறைகிறது, உடனே நிறுத்துங்கள் என்று காட்டியது.

நான் பயந்த சுபாவம், பிள்ளை. பிறகு கேத்தில் கொதித்தாலும் அவவின் குரல் கேட்டது. வான் நிற்கிற பக்கத்து யன்னலின் திரையை இழுத்து விட்டன். கராஜில் விடுவதென்றால் அருள்நேசனிடம் சொல்லவேணும். அவன் அதைப் பூசை முடிய எல்லாருக்கும் சொல்லுவான். போன் சொல்லுறதெல்லாம் வேதவாக்கோ என்றும் யோசித்தன்.

போற அன்று சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். பாடற் புத்தகம், சாப்பாட்டுப் பார்சல் எல்லாம் ஏறியது. குழுவில் இருக்கிற பெனிற்றா தன்ர பிள்ளையை அதன் இருக்கையில் வைத்து, பட்டியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். கவனமான பெட்டை. இசபெல் படியில் ஒரு காலை வைத்திட்டா. எனக்கு நெஞ்சு நோகுது என்றன். அவ இறங்கினா. உண்மையாய் நொந்ததுதான்.

அருள்நேசன் வானை ஸ்ராட் பண்ணிப் பிறேக்கை அமத்தினான். அக்கா சொன்னா. அவன் கண்ணாடியை இறக்கினான்.

"அத்தான், இது புதுசாய்க் கிடக்கு. என்னவாம்?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இறங்குங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தனான். அதற்குள் அவன் பின்னால் திரும்பி, "மூண்டு சில்லு, பாத்துப் போகட்டாமோ?" என்றான். வான் முழுக்கச் சிரிப்பு.

"பயணம் சுகமாய் அமையட்டுமாம்" என்றன்.

"நன்றி அக்கா" என்று உள்ளே எல்லாரும் சொன்னார்கள். பெனிற்றாவின் பிள்ளையும் சொன்னது.

நோபோக்கில் அந்த இறக்கத்தில் நடந்தது ஒபிசருக்கு என்னைவிடத் தெரியும். அக்கா கடைசிமட்டும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பா. கடமையில் குறை வைக்காத ஆள். ஆறு பெட்டியையும் கோயிலில் ஒரே வரிசையில் வைத்தார்கள். சின்னது ஓரத்தில். அருள்நேசனின் பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தன். அவ்வளவு பாரமில்லை.

பிறேக்கைப் பற்றிக் காட்டின அந்த வசனம் என்ர போனில் இன்னும் கிடக்கிறது. கண்டெடுத்தது இசபெல்தான். அவதான் இங்கே கொண்டுவந்து குடுத்தவ.

ஓம், பிள்ளை. தெரிந்துதான் அனுப்பினன்.

ஒபிசர் உங்களைப் பார்க்கிறார், நான் என்ன சொன்னனான் என்று கேட்கிறார்போல. பாவம், அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் விளங்காது. நீங்கள் சொல்லுறதுதான் அவருக்கு உண்மை. உங்களுக்கும் அவவைப்போல அமைதியான குரல். கிழவனுக்கு ஒன்றும் தெரியாதாம், பயணம் சுகமாய் அமையட்டும் என்றுதான் நினைத்தவனாம் என்று சொல்லிவிடுங்கோ.

ஒரு வசனம்தானே.