முழங்காலுக்குக் கீழே

எனக்கு அரைகுறையாக நிற்கும் படம் பிடிக்காது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டிருக்கிறேன், படத்தை விட்டதில்லை. விசாரணையில் நீங்கள் அதட்டாமல் கேட்பதால் நானும் அவசரப்படாமல் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில்பாதைக்கு ஆள் எடுக்கும் ஆபீசில் எனக்குப் படம் வரையும் வேலை. அதிகாரிக்கு நம் பெயர்களைப் படிக்க வராது. பார்த்ததும் புரிய வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு மனித உருவம் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். பத்துக்குக் குறைந்தால், தலையிலிருந்து அந்த அளவுக்கு மட்டும் உடம்பு. தெங்கேராவில் முப்பது பேர். மூன்று அழகான ஆட்கள். எங்கள் ஊர் காஜா பேராங்கில் பதினேழு. ஒரு முழு ஆள், பக்கத்தில் முழங்காலோடு நின்றுபோன ஒருவன்.

பக்கத்து வீட்டுத் தம்பிராஜா எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒரு கால் குட்டை. அதனால் கணக்கெடுப்பில் அவனை விட்டுவிட்டார்கள்.

“என்னாண்ணே, இவன் காலு எங்க? ஜப்பான்காரன் கடிச்சிட்டானா?”

“ஏழு பேருக்கு அவ்வளவுதான்.”

“காலு போட்டு விடுங்க லா. பாவம், சயாமுக்கு எப்படி நடப்பான்?”

அவன் சொன்னது நியாயமாகப் பட்டது.

காலைச் சேர்ப்பதற்குப் பதில் அந்த ஏழு பேரைக் குறைத்திருக்கலாமே என்கிறீர்கள். குறைக்க வேண்டுமானால் அழிக்க வேண்டும். சுற்றிலும் ரப்பர் மரம் நிற்கும் ஊரில், அந்த வருடம் பென்சில் கோட்டை அழிக்க ஒரு துண்டு ரப்பர் கிடைக்கவில்லை.

இரண்டு காலும் வரைந்தேன். நன்றாக வந்தது. படம் இருபது என்றால் பட்டியலிலும் இருபது இருக்க வேண்டும். வேலையில் நான் பொய் சொல்வதில்லை. அதனால் மூன்று பெயர் சேர்த்தேன். கலியாணசுந்தரம், பொன்னுதுரை, தம்பிராஜா. காலைக் கேட்டவன் அவன்தானே.

லாரியில் ஏறும்போதும் அவனுக்குக் கிண்டல் போகவில்லை.

“அண்ணே, என் காலப் பாத்து வரைஞ்சிடாதீங்க. படம் கோணிக்கும்.”

அவன் மனைவி அஞ்சலை மறுநாள் வந்தாள்.

“காலு சரியில்லன்னு விட்டுட்டாங்கன்னீங்களே, அண்ணே. அப்புறம் எப்படி அவரு பேரு வந்துச்சு?”

“படத்துல அவரு காலு நேராத்தாம்மா இருக்கு.”

அவள் படத்தைக் காட்டச் சொல்லவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பெயர்களை எழுதியது நான்தான். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். இப்போது வெள்ளைக்காரனுக்கும் ஒரு படம் வேண்டும் என்கிறீர்கள், சயாமிலிருந்து திரும்பியவர்களுக்கு. காஜா பேராங்கின் இருபது பேரில் நான்கு பேர் வந்திருக்கிறார்கள், தம்பிராஜா இல்லை என்கிறீர்கள்.

நான்கு என்றால் தலையும் மார்பும்தான் வரும். பார்க்க அசிங்கமாக இருக்கும். இன்னும் ஆறு பேர் வரட்டும், ஐயா, முழுசாக வரைந்து தருகிறேன்.