கல்லில் ஆறு துளைகள்

எங்கள் வீட்டுப் படிக்கட்டில் பன்னிரண்டு படிகள்தான் இருக்கின்றன, மேடம். உங்கள் போலீஸ்காரர்கள் பதின்மூன்று என்று எழுதியிருக்கிறார்கள். கீழே கடைசியாக இருப்பது படி இல்லை, கதவின் நிலைக்கல். தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் நானே சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஆம்ப்ரோஸ் டக்வெல். வயது அறுபத்தெட்டு. ஸ்லேட்கோம்ப் கிராமத்தில் தேவாலயத்துக்குக் கீழே இருக்கிறதே, அந்த வீடு 1634இல் கட்டியது. சுவர் காட்ஸ்வோல்ட் மலைக் கல். கூரையும் கல் ஓடுதான், உச்சியில் ஓர் ஓடு உள்ளங்கை அகலம், கீழே வரவரப் பெரிதாகும். படிக்கட்டு கணப்படுப்புக்குப் பக்கத்தில் சுவருக்குள்ளேயே சுழன்று ஏறுகிறது. மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு. உள்ளே ஜன்னல் கிடையாது, விளக்கும் கிடையாது. விளக்கு வேண்டாம் என்பது என் முடிவு.

அது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடு. அனுமதி இல்லாமல் ஒரு ஜன்னலை மாற்றினாலும் குற்றம். பக்கத்து வீட்டு மேவிஸ் புரூட்டன் அப்படித்தான் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தாள். நான் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். கழற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நாலு பேர் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் செத்தா என் கல்லறைக்கு என்ன கல்லு வைக்கணும்னும் நீங்கதான் சொல்வீங்களா, மிஸ்டர் டக்வெல்?"

"உள்ளூர்க் கல்லு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஹெஸ்டர் என் மனைவி. நாற்பத்தொரு வருடம். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, இடது கால் மட்டும் இழுத்தது. படுக்கையறை மாடியில். நான் கையைப் பிடித்துத்தான் இறக்குவேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவள் கைப்பிடி வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"மனு போட்டுக் கேளேன், ஆம்ப்ரோஸ். ஒரு கம்பிதானே."

"போட்டாச்சு. முடியாதுன்னுட்டாங்க."

"அப்ப அந்தப் பட்டியல்ல என்னையும் சேர்க்கச் சொல்லு. அப்பவாவது நான் விழாம பாத்துக்குவ."

நான் மனு போடவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பார்கள், மறுத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே அதைப் பொய் என்று நான் கருதவில்லை.

இந்த நிலையில்தான் அவள் எனக்குத் தெரியாமல் மேவிஸோடு கைகோத்தாள். மேவிஸின் சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கடிதம் எழுதி, டாக்டர் சான்றிதழோடு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே அனுமதிக் கையெழுத்துப் போட்ட அதிகாரி லெஸ்லி. பதினெட்டு வருடம் என்னோடு இந்த ஊர்ச் சுவர்களைச் சுற்றிப் பார்த்த மனிதர். எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

செப்டம்பரில் கல்கூரைப் பராமரிப்பு முகாமுக்காக மூன்று நாள் வடக்கே போயிருந்தேன். திரும்பி வந்தால் சுவரில் இரும்புக் கைப்பிடி. ஆறு துளைகள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தில் போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நேராகக் கல்லிலேயே துளைத்திருந்தார்கள். ஹெஸ்டர் எனக்குக் காட்டுவதற்காகத் தனியாக மேலே ஏறி, தனியாக இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா? யார் கையையும் பிடிக்காம வந்துட்டேன்." பிறகு தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "நீ மனுவே போடலைன்னு லெஸ்லி எழுதியிருக்கார். நான் உன்னை எதுவும் கேக்கப்போறதில்ல. கம்பி இருக்கட்டும், அது போதும்."

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அவள் போடவில்லை. கூடவே இருந்தவள் முதுகில் குத்திவிட்டாள் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டு வாரம் பொறுத்தேன். நவம்பர் ஈரத்தில் கம்பி துருப்பிடித்து, துளையிலிருந்து ஒரு பழுப்புக் கோடு கல்லில் வழிந்து இறங்கியது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. ஹெஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அழுக்குதானே," என்றாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வழக்கம்போல் மாடியில் தூங்கப் போனாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். அவள் தூங்கியதும் மேல் கதவைச் சாத்திவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் திருகாணிகளைக் கழற்றினேன். கம்பியைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்தேன். கல்பொடி கலந்த சுண்ணாம்புச் சாந்தால் ஆறு துளைகளையும் அடைத்து, ஈரத்துணியால் துடைத்தேன். நிறம்கூட ஒத்துப்போயிற்று. நாலு மணிக்குக் கெட்டிலை வைத்தேன்.

அவளை எழுப்பிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் மேவிஸைக் கூப்பிட்டிருப்பாள், அடுத்த வாரமே புதுத் துளைகள் போட்டிருப்பார்கள். அதனால் கீழ்க் கதவைத் திறக்காமலே, எப்போதும் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன்.

"ஹெஸ்டர், டீ போட்டாச்சு. இறங்கி வா."

மேல் கதவு திறந்தது. கம்பி இருந்த இடத்தில் அவள் கை சுவரைத் தடவித் தேடுகிற சத்தம் கேட்டது. "ஆம்ப்ரோஸ்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

விழுந்த பிறகும் மூச்சு இருந்தது. என் விரல்களில் சுண்ணாம்பு இருந்ததால் முதலில் கையைக் கழுவிக்கொண்டேன். அவள் கண்ணில் பட்டால் எரியும். பிறகு தேநீரைக் குடித்தேன். மூச்சு நின்ற பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் காலை நீங்கள் வந்தீர்கள். கைப்பிடி எங்கே என்று மேவிஸ் உங்களைக் கேட்க வைத்திருக்கிறாள். ஹெஸ்டரே வேண்டாம் என்றாள், மூன்று வாரத்துக்கு முன்பே கழற்றி அடைத்துவிட்டேன் என்றேன். நீங்கள் சுவரில் கட்டை விரலை வைத்து அழுத்தினீர்கள். சாந்து மாவாக உங்கள் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. சுண்ணாம்பு அப்படித்தான், அவசரப்படாது, நாள்பட்டுத்தான் இறுகும். வெளியே போகும்போது உங்கள் சார்ஜென்ட் சொன்னது என் காதில் விழுந்தது.

"கிழவன் சிமெண்ட் வச்சு அடைச்சிருந்தா காலையில கல்லாட்டம் இறுகியிருக்கும், மேடம். நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

அது எனக்கும் தெரியும். கொட்டகையில் கம்பி வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, வேலிக்கால் நட வாங்கிய சிமெண்டில் அரை மூட்டை மிச்சம் இருந்தது. கையில்கூட எடுத்தேன். ஆனால் சிமெண்ட் வைத்தால் அந்தப் பழைய கல்லால் மூச்சுவிட முடியாது, மேடம். ஈரம் உள்ளேயே தங்கி, கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிந்து உதிரும். அவ்வளவு ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை நான்.