நசுங்கிய டம்ளர்

மயிலாப்பூர் டிராமில் என் எதிரே இரண்டு மாமிகள். ஒருத்தி மடியில் பளபளவென்று புதுப் பித்தளை டம்ளர். அதன் வயிற்றில் ஒரு நசுங்கல்.

“ஐயோ, புதுசு எப்படி மாமி நசுங்கித்து?” என்றாள் மற்றவள்.

“ஆசாரிகிட்டக் கொடுத்து நான்தான் நசுக்கச் சொன்னேன்.”

“என்னது!”

“எங்காத்துல அரிசி, பருப்பு, சக்கரை எல்லாத்துக்கும் ஒரு நசுங்கின டம்ளர்தான் அளவு. பொண்ணு ரங்கூனுக்குக் குடித்தனம் போறா. வேற டம்ளர்ல அளந்தா அவளுக்குச் சமையலே வரல.”

“அளவு ஒத்துண்டுதா?”

“பழசுல தண்ணி ரொப்பி இதுல விட்டேன். சொட்டு வழியல, சொட்டு குறையல.”

மற்றவள் டம்ளரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இது கப்பலேறப் போறதாக்கும்!”

“இது எனக்கு. பழசுதான் அவளோட போறது. தவழற வயசுல அதைப் போட்டு நசுக்கினதே அவதானே.”