தகரக் கூரைக்குக் கீழ் சிக்னல்

– இன்னும் கொஞ்சம் இறக்கிப் பிடி, நில்டா. எனக்குத் தகரக் கூரைதான் தெரியுது. போன் எங்க?

– இதோ, தெரியுதா ரெமிகியோ? இந்தக் கறுப்பு சீனாக்காரனோடது. இந்த நீலம் கொரியாக்காரனோடது. இவங்கதான் கடைக்கார அக்கா, ஃபெர்மினா.

– வணக்கம் தம்பி! சிலி நாட்டுச் சுரங்கத்துல இருந்துக்கிட்டு, வீடியோவுல வந்து பொண்டாட்டிக்குப் போன் பாத்து வாங்குற புருஷனைக் கொச்சபம்பா சந்தை இன்னிக்குத்தான் பாக்குது. என் வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்திருந்தாலும் என்னைப் பாக்க மாட்டார்.

– சரி சரி. ரெண்டுல எது கெட்டி, அதைச் சொல்லுங்க. இவ கையில எதுவும் நிக்காது. போன மாசம் கீழ விழுந்துச்சுன்னு சொன்னா. அதுக்கு முந்தி தண்ணித் தொட்டியில விழுந்துச்சுன்னு சொன்னா.

– சீஸ் விக்கிற கை தம்பி, வழுக்கத்தான் செய்யும். கெட்டின்னா கறுப்புதான். சுத்தி அலுமினியச் சட்டம். இந்தா, தரையில போடுறேன்... சத்தம் கேட்டுச்சா? ஒரு கீறல் இருக்கா பாருங்க. உர்குப்பீனா மாதா சத்தியமா, இதால சுவர்ல ஆணி அடிக்கலாம்.

– தண்ணி?

– டம்ளர்ல முக்கிக் காட்டவா?

– முக்குங்க.

– முக்கியாச்சு. உள்ள இருந்துக்கிட்டே எப்படி வெளிச்சம் போடுது பாருங்க.

– நல்லது. இனிமே தண்ணில விழுந்துச்சுன்ற பேச்சே வராது. என்ன நில்டா?

– வராது.

– சார்ஜ் எப்படி? மத்தியானம் ஆனா இவ போன் செத்துப்போயிடுது. புள்ளியும் மறைஞ்சிடுது.

– என்ன புள்ளி தம்பி?

– மேப்புலதான். இவ எங்க நிக்கிறா, எங்க நடக்கிறான்னு நான் பாக்கணுமில்ல? நான் இங்க கலாமாவுல லாரி ஓட்டிக்கிட்டுக் கிடக்கேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தானே, நில்டா?

– ஆமா.

– புள்ளி மறைஞ்சா நான் என் தம்பிக்குப் போன் போடணும். அவன் டாக்சியைத் திருப்பிக்கிட்டு இவ கடை வாசல்ல வந்து நிக்கணும். அவன் பொழப்பும்ல கெடுது!

– ஓ... அப்படியா. தம்பி, யோசிச்சுப் பாத்தா நீலமே எடுத்துடலாம்.

– இப்பதானே கறுப்பைத் தலையில தூக்கி வெச்சு ஆடுனீங்க?

– அது ஒரே கனம். நீலத்தைப் பாருங்க, வெத்தலை மாதிரி மெல்லிசு. விரலை வெச்சா பறக்கும். போட்டோ எடுத்தா மூக்குல இருக்கிற மருகூட பவுனா மின்னும்.

– சார்ஜ் நிக்குமா?

– நிக்கும்... நடுவுல ஒரு தடவை போட்டுக்கிட்டா நல்லா நிக்கும்.

– இல்ல ரெமிகியோ, நீலம் வேண்டாம். எதிர்ல உருளைக்கிழங்கு விக்கிறவ இதைத்தான் வெச்சிருக்கா. இந்தக் கூரைக்குக் கீழ சிக்னல் விட்டு விட்டுத்தான் வருது. பொழுது சாயறதுக்குள்ள சார்ஜும் போயிடுது. கறுப்பு அப்படி இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க.

– அடியே, நான் சொல்றதைக் கேளுடி!

– கேட்டீங்களாம்மா? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் இவளுக்குப் புத்தி வந்திருக்கு. கறுப்பையே குடுங்க. சிம்மை மாத்தி, மேப்பையும் ஏத்திக் குடுங்க. புள்ளி வருதான்னு பாத்துட்டுத்தான் நான் லாரில ஏறுவேன்.

– சிம்மை எடுத்தா படம் போயிடும் தம்பி. புதுசுல இருந்து கூப்பிடச் சொல்றேன், இருங்க. ம், போட்டாச்சு. இப்பக் கூப்பிடு கண்ணு.

– ரெமிகியோ, புதுசுல இருந்து பேசுறேன். வருதா?

– வருது, வருது. சந்தை நடுவுல நிக்கிற. அப்படியே இரு. சாயங்காலம் தம்பி வந்து கூட்டிட்டுப் போவான். அது வரைக்கும் சந்தையை விட்டு ஒரு அடி வெளிய வைக்காத. சங்கு ஊதிட்டான், வெக்கிறேன்.

– வெச்சிட்டானா?

– வெச்சிட்டான்.

– உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? நான் யாருக்காகடி மாதா மேல சத்தியம் பண்ண வாயாலயே மாத்திப் பேசினேன்? நீலத்தை வாங்கியிருந்தா சிக்னல் இல்ல, சார்ஜ் இல்லன்னு தினம் கொஞ்ச நேரமாவது மூச்சு விட்டிருப்ப. உன் கழுத்துக் கயித்தை நீயே இறுக்கிக் கட்டிக்கிட்டியே!

– மூச்சா? பழசை ஒரு தடவை வேணும்னேதான் தொட்டியில போட்டேன், அக்கா. கை துடைக்கிறதுக்குள்ள டாக்சி வந்து நின்னுது. கக்கூஸுக்குப் போனாலும் அவன் தம்பி வெளிய நிக்கிறான். புள்ளி செத்தா அவனுங்க முழிச்சுக்கிறானுங்க.

– உனக்குன்னு ஆள் யாரும் இல்லையா?

– தெக்க தரிகா ஊர்ல கூடப் பொறந்தவ இருக்கா. பேச விட்டே ரொம்ப நாளாச்சு.

– சரி, அந்தப் புள்ளியை எப்படி அணைக்கிறதுன்னு காட்டுறேன், குடு இப்படி.

– ஐயோ, தொடாதீங்க! அது எரிஞ்சுக்கிட்டே இருக்கணும்.

– பின்ன எதுக்குடி... பையில என்ன, சீஸ் இல்லாம? துணிமணியா?

– ரெண்டு பாவாடை, ஒரு போர்வை. அக்கா, இந்தப் போனை உங்க மேசை டிராயர்ல போட்டு வெச்சிடுங்க. அணைக்க வேண்டாம், வெளிய எடுக்க வேண்டாம். லாரில ஏறினா அவன் பேச முடியாது, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் புள்ளியை மட்டும் பாப்பான். சாயங்காலம் வரைக்கும் அவன் கணக்குல நான் இங்கதான் சந்தை நடுவுல நிக்கிறேன்.

– அவன் தம்பி வந்து என்னைக் கேட்டா?

– மறந்து வெச்சிட்டுப் போயிட்டாள்னு சொல்லுங்க. செருப்புக் கடைச் சந்து வழியா பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம்ல?

– போகலாம். நில்டா, ஒரு நிமிஷம் நில்லு, வழிக்கு ரெண்டு ரொட்டியாவது...

– நேரமில்ல. வரேன்னு சொல்ல மாட்டேன், அக்கா. போறேன்.