பச்சை அடித்த பம்பு

— கையை மடியில வெச்சுக்க ஜொரினா. கம்பியில போய் இடிச்சுக்காத. லாஞ்சு எப்படி ஆடுது பாரு.

— நாளைக்கு இந்நேரம் ரெண்டு விரல் இருக்கப் போறதில்ல. இன்னைக்கு இடிச்சா என்ன, இடிக்காட்டி என்ன அக்கா?

— வாயைக் கழுவு. ரெண்டு விரலோட போச்சுன்னா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லணும். மணிக்கட்டு வரைக்கும் போனாலும் போகும்னுல்ல அந்த டாக்டர் சொன்னாரு.

— அதை ஞாபகப்படுத்தாம உன்னால இருக்க முடியாதே! சரி, நீ எதுக்கு இப்படி முழிச்சுக்கிட்டு வர்ற? ஆபரேசன் எனக்கா, உனக்கா? சாந்த்பூர்ல ஏறினதுலேர்ந்து ஒரு வெத்தலை கூட போடல.

— பிடிக்கல.

— கொஹினூர் பேகத்துக்கு வெத்தலை பிடிக்கலையாம்! முப்பது வருஷமா ஓரகத்திங்களா ஒரே முத்தத்துல குடித்தனம் பண்றோம், உன் வாய் சும்மா இருந்து நான் பாத்ததே இல்ல.

— கேலி பண்ணிக்கிட்டே வா. உனக்கு எப்படித்தான் சிரிப்பு வருதோ. கேட்டியா, டாக்கா போய்ச் சேர்றதுக்கு முந்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— அதோ முட்டைக்காரர் வர்றாரு. அவிச்ச முட்டை தின்றியா?

— வேண்டாம். நான் சொல்றதைக் கேளு.

— எனக்கு வேணும். ஒண்ணு வாங்கி உரிச்சுக் குடு. இந்தக் கட்டோட எனக்கு உரிக்க வராது. உப்பு மொளகாப் பொடி நெறையப் போடச் சொல்லு.

— இந்தா. மெல்லத் தின்னு, விக்கிக்காத. புருசன் வீட்டுக்கு வந்த புதுசுலயும் இப்படித்தான். எதையாவது பேச வந்தா உனக்குப் பசிச்சிடும்.

— நீ பேச வந்தாலே வம்பாத்தான் இருக்கும். அதான் வயித்தை நெறைச்சுக்கிறேன்.

— நாளைக்குப் பெரிய டாக்டர், என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு கேப்பாரு. என்ன சொல்லப் போற?

— நம்ம ஊரு டாக்டர்கிட்ட சொன்னதைத்தான். வீட்டு முத்தத்துல அடிபம்பு, மூக்குல பச்சை பெயிண்டுன்னேன். பச்சைன்னா நல்ல தண்ணி, அப்ப இது வெயிலாலதான், காலம் பூரா நெல்லு காயப்போட்டு, வயல்ல குனிஞ்சு நின்னதுல வந்திருக்கும்னு எழுதிட்டாரு.

— உள்ளங்கையில எங்கடி வெயில் படுது?

— அதை நான் அவருகிட்ட கேக்கல.

— நான் பக்கத்துலதான் நின்னேன். நானும் கேக்கல. ஜொரினா, என்னைப் பாரு. தண்ணியைப் பாக்காத.

— மேக்னா எவ்வளவு அகலம் பாரேன். கரையே தெரியல. இவ்வளவு தண்ணியை வெச்சுக்கிட்டு நாம பூமியில ஓட்டை போட்டுக் குடிக்கிறோம்.

— அந்தப் பம்பைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். ஒரு வருஷம் ரெண்டு பேரு பெட்டியோட வந்து ஊர்ல இருக்கிற பம்பையெல்லாம் சோதிச்சாங்களே, தெரியுமா?

— நான் அப்ப எங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். உன் கொழுந்தன் ஹாருனும் கூட வந்திருந்தாரு. திரும்பி வந்தப்ப பம்பு மூக்கு பச்சையா இருந்துச்சு. நீதானே வாசல்லயே நின்னு சொன்ன, நம்ம தண்ணி பாஸாயிடுச்சுன்னு.

— பாஸாகல.

— முட்டை ஓடு உன் மடியில கொட்டிக் கெடக்கு அக்கா. தட்டி விடு.

— குப்பியில தண்ணி பிடிச்சு, ஏதோ மருந்து போட்டு, ஒரு வெள்ளைத் தாளை வெச்சு மூடுனாங்க. தாள் மஞ்சளாகி, தேயிலைச் சாயம் மாதிரி பழுத்துப் போச்சு. மண்ணுக்குள்ளேர்ந்து வர்ற நஞ்சாம், ஆர்சனிக்குன்னாங்க. கண்ணுக்குத் தெரியாதாம், நாக்குக்கும் தெரியாதாம். துணி தொவைக்கலாம், குளிக்கலாம், குடிக்கவும் சமைக்கவும் கூடாதுன்னு சொல்லி, மூக்குல செவப்பு அடிச்சுட்டுப் போனாங்க.

— செவப்பு.

— ஆமா. நான்தான் அதுக்கு மேல பச்சை அடிச்சேன். இந்தா, சொல்லிட்டேன். பதினாறு வருஷமா தொண்டையில நின்னது, சொல்லிட்டேன்.

— மெதுவாப் பேசு. அந்தப் பக்கத்து விரிப்புல இருக்கிறவங்க திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். என் பொண்ணு ஷிரினை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்க வர்றதுக்கு ஒன்பது நாள்தான் இருந்துச்சு. செவப்பு மூக்கை முத்தத்துல வெச்சுக்கிட்டு யாருக்குடி பொண்ணு குடுக்க முடியும்? பொறந்ததுலேர்ந்து அந்தத் தண்ணியைக் குடிச்சவளாச்சேன்னு போயிருவாங்க. கீழத்தெரு ராபேயாவுக்கு மார்ல புள்ளி வந்துச்சுன்னு, குஷ்டம்னு சொல்லி, கைக்குழந்தையோட தலாக் குடுத்து அனுப்புனாங்களே. அவ கண்ணு முன்னாடி நின்னா.

— ராபேயாவுக்கு டீக்கடையில தனி கிளாஸ் வெச்சாங்க. அப்புறம் அதையும் எடுத்துட்டு, செரட்டையில ஊத்துனாங்க.

— அதான். அதைப் பாத்துத்தான் பயந்தேன். ஆம்பளைங்க விடியத் தொழப் போனதும் எழுந்தேன். ஹாருன் தம்பி படகுக்குன்னு வாங்கி வெச்சிருந்த பச்சை, மாட்டுக்கொட்டகையில இருந்துச்சு. தென்னை மட்டையை நசுக்கி பிரஷ் பண்ணிக்கிட்டேன். என் வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது. பெட்டிக்காரங்க திரும்பி வந்து, தப்பா அடிச்சுட்டோம்னு மாத்திட்டுப் போனாங்கன்னேன். அந்த மனுசன் நான் எதைச் சொன்னாலும் நம்புறவரு.

— அவரை நம்ப வைக்கிறது ஒரு பெரிய காரியமா? விடு.

— கல்யாணம் முடிஞ்சதும் செவப்பு அடிச்சிடணும்னுதான் இருந்தேன், சத்தியமா. அப்புறம் பெருநாளைக்குச் சம்பந்திங்க வந்தாங்க. அப்புறம் ஷிரின் பிள்ளைப்பேறுக்கு வந்தா. ஒவ்வொரு தடவையும் இது முடியட்டும், இது முடியட்டும்னு தள்ளிப் போட்டேன். அப்புறம் மாத்துனா இவ்வளவு நாள் ஏன் மறைச்சேன்னு கேப்பாங்களேன்னு பயம் வந்துருச்சு.

— பொண்ணு பாக்குற அன்னைக்கு மாப்பிள்ளையோட பெரியப்பா நம்ம பம்பைச் சுத்திச் சுத்தி வந்தாரு.

— ஐயோ, அதை ஏன் சொல்ற? நீ ஒரு கிளாஸ் நெறையப் பிடிச்சு, அவரு கண்ணு முன்னாடியே மடமடன்னு குடிச்ச. எங்க தண்ணி இளநி மாதிரின்னு வேற சொன்ன. நான் அடுக்களையிலேர்ந்து பாத்துக்கிட்டிருந்தேன். ஓடி வந்து அந்த கிளாஸைத் தட்டி விட்டிருக்கணும். சேமியாவைக் கிண்டிக்கிட்டு நின்னேன்டி.

— அன்னைக்கு சேமியா அடிப்பிடிச்சுது. எல்லாரும் கொறை சொன்னாங்க.

— சிரிக்காத. அதை விடப் பெரிய துரோகம் இருக்கு. நான் பள்ளிவாசல் பம்புலேர்ந்து தண்ணி கொண்டு வந்தேனே...

— ஷிரினுக்கு நல்ல இடம் அமைஞ்சா ஆயுசுக்கும் பள்ளிவாசல் தண்ணிதான் குடிக்கிறதுன்னு நேர்ச்சை.

— நேர்ச்சையும் இல்ல, மண்ணும் இல்ல. அல்லாஹ் பேரையும் பொய்க்கு இழுத்தேன். என் வீட்டுப் பானையில நல்ல தண்ணி. உன் வீட்டுப் பானையில நஞ்சு. நடுவுல பத்தடி முத்தம். நீ குடத்தை வெச்சு அடிக்கிற சத்தம் காலையில கேக்கும். நான் படுக்கையில காதைப் பொத்திக்குவேன். உன்கிட்ட சொன்னா ஹாருன்கிட்ட சொல்லுவ, அவரு டீக்கடையில உளறிடுவாருன்னு பயம். என் பொண்ணு வாழணும்னு உங்களைக் குடிக்க விட்டேன்.

— அழாத. மூக்கைத் துடை. முந்தானையில துடைக்காத, அது புதுசு.

— உன் கையில முதல்ல கடலைப் பருப்பு அளவுக்குக் காய்ப்பு வந்துச்சு. அரிவாள் பிடிச்சுக் காய்ச்சுப் போச்சுன்னு நீ சொன்ன. ஆமான்னு தலையாட்டுனேன். தெரிஞ்சுக்கிட்டே ஆட்டுனேன். அது வெடிச்சு, புண்ணாகி, ஒரு வருஷமா ஆறல. இப்ப தோல்ல புத்துநோய்னு பேர் சொல்றாங்க. ஹாருன் தம்பிக்கு முதுகு பூரா புள்ளி, மழைத்தூறல் விழுந்த மண்ணு மாதிரி. அப்புறம் நெஞ்சுல வந்துச்சு. பீடிதான் காரணம்னு நீங்க எல்லாரும் சொன்னப்ப நானும் பீடியைத்தான் திட்டுனேன். அவரு கண்ணை மூடுனப்ப மய்யித்தைக் குளிப்பாட்ட எந்தப் பம்புலேர்ந்து தண்ணி எடுத்தாங்க தெரியுமா? அதே பம்பு.

— தெரியும். நான் அங்கதானே இருந்தேன்.

— என்னை மன்னிக்கச் சொல்லல. திட்டு. இந்த லாஞ்சுல எல்லாருக்கும் கேக்குற மாதிரி திட்டு. அடிக்கிறதுன்னாலும் அடி. நாளைக்கு டாக்டர்கிட்ட நானே சொல்றேன், பச்சை பொய்யின்னு. ஆனா இப்பவே வீட்டுக்கு ஒரு போன் போடு ஜொரினா. உன் மருமக லிபி மாசமா இருக்கா. அந்தப் பம்புல அவ ஒரு வாய் கூடக் குடிக்கக் கூடாது. அதுக்காகத்தான் இன்னைக்காவது வாயைத் தொறந்தேன்.

— லிபி அந்தத் தண்ணியைத் தொடறதில்ல. மழைத்தண்ணிதான் குடிக்கிறா. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து.

— அந்த ரெண்டு பெரிய ஜாடியா? அது பருப்பு நல்லா வேகும்னு வெச்சதா இல்ல சொன்ன?

— நீ நேர்ச்சைன்ன. நான் பருப்புன்னேன்.

— என்னடி சொல்ற?

— அக்கா, நீ எத்தனை தடவை பெயிண்டு அடிச்ச?

— ஒரே தடவைதான். அது உரியவே இல்ல. ஒவ்வொரு வருஷமும் போய்ப் பாப்பேன், புதுசு மாதிரியே இருக்கும். என் பாவம்தான் அப்படிக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு நெனைச்சுக்குவேன்.

— அது இரும்பு. வருஷத்துல நாலு மாசம் மழையில நனையுது, வெள்ளம் வந்தா கழுத்து வரைக்கும் முங்குது. ஒரு கோட்டு பெயிண்டு பதினாறு வருஷம் நிக்குமா?

— ஜொரினா...

— ரெண்டாவது வெள்ளத்துக்கே உரிஞ்சிருச்சு. அடியில செவப்பு தெரிஞ்சுது. அப்பதான் உன் நேர்ச்சை எனக்கு வெளங்குச்சு. குடத்தைத் தூக்கிக்கிட்டு நேரா உன் வாசலுக்கு வந்து, தலைமயிரைப் பிடிச்சு இழுக்கணும்னு கிளம்புனேன். பாதி முத்தம் வந்துட்டேன். ஆனா அந்த வாரம்தான் என் பொண்ணு பாருலைப் பாக்க வர்றதா ஆள் சொல்லி விட்டிருந்தாங்க.

— யா அல்லாஹ்.

— நானும் குடத்தோட பள்ளிவாசலுக்கு நடந்தா என்ன சொல்றது? ஊர்ல ஒரு நேர்ச்சையை நம்புவாங்க. பக்கத்துப் பக்கத்து வீட்டுல ரெண்டு நேர்ச்சையை நம்புவாங்களா?

— அப்ப அந்தப் பச்சை... அதுக்கப்புறம் எல்லாம்...

— மூணு தடவை. மூணும் நான்தான். முதல் தடவை அடிச்சு முடிக்கையில ஹாருன் வயல்லேர்ந்து வந்துட்டாரு, தாகமா இருக்கு, தண்ணி குடுன்னாரு. பெயிண்டு காயாத இந்தக் கையாலதான் பிடிச்சுக் குடுத்தேன்.